கைபேசி மோடத்தின் உறக்கமும் விழிப்பும்: மின்நிலை மேலாண்மையில் மென்பொருளின் இடம்

1. ஆய்வுப் பொருள்

பைன்64 வெளியிட்ட பைன்ஃபோன் என்னும் லினக்ஸ் கைபேசியின் சுற்றுப் பலகையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. திரையையும் செயலிகளையும் நடத்துவது ஆல்வின்னர் ஏ64 சில்லு. கைபேசிக் கோபுரத்தோடு பேசுவது க்வெக்டெல் நிறுவனத்தின் இ.ஜி.25-ஜி மோடம். குவால்காம் சில்லைக் கொண்ட அந்த மோடத்துக்குள்ளும் தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு யு.எஸ்.பி. இணைப்பும் சில தனிக் கம்பிகளும் உண்டு. பயனர் திரையில் பொத்தானைத் தொட்டு மோடத்தை அணைக்கிறார் என்றால், உள்ளே ஒரு கணினி இன்னொரு கணினியைப் படுத்துக்கொள்ளச் சொல்கிறது. சொல்லப்பட்டது உடனே இணங்கலாம். அரை நிமிடம் கழித்து இணங்கலாம். ‘சரி’ என்று விடை அனுப்பிவிட்டு விழித்தே இருக்கலாம்.

மோடத்தின் மின்நிலையை, நிரலில் எழுதிவைக்கும் ஒரு மாறியைப் போலக் கருதுவதே இத்துறையில் நேரும் பெரும்பாலான பிழைகளின் வேர் என்பது என் துணிபு. அந்த நிலை மூவர் சேர்ந்து காக்கும் உடன்பாடு. கட்டளையிடும் முதன்மைச் சில்லு, கட்டளை பெறும் மோடம், இருவருக்கும் வெளியே நின்று தன் கணக்கில் இருவரையும் எழுதிவைத்திருக்கும் வலையமைப்பு ஆகியோரே அந்த மூவர். மென்பொருளின் கையில் இருப்பது அந்த உடன்பாட்டைப் பற்றிய ஒரு மதிப்பீடு மட்டுமே. மதிப்பீட்டை உண்மையோடு எப்போது, எதைக் கொண்டு ஒப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எடுத்துக்கொண்ட களங்கள் மூன்று: லினக்ஸ் கைபேசி, மோடம் அட்டை பொருத்திய மடிக்கணினி, ஆண்டுக்கணக்கில் ஒரே மின்கலத்தில் ஓடவேண்டிய கள உணரி. ஐந்தாம் தலைமுறையின் தனிச் சிக்கல்கள் இங்கே சேர்க்கப்படவில்லை.

2. ‘நிலை’ என்ற ஒரு சொல்லும் அதன் மூன்று பொருளும்

‘மோடம் ஆன் ஆகியிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு மூன்று அடுக்குகளில் மூன்று விடைகள் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படலாம்.

அடியில் இருப்பது மின்சார அடுக்கு. மோடத்துக்கு மின்னோட்டம் செல்கிறதா, அதன் உள்சில்லு விழித்திருக்கிறதா, கடிகாரத்தைத் தாழ்த்தி உறங்குகிறதா என்பது இதில் அடங்கும். அதற்கு மேல் வானொலி அடுக்கு: அலைகளை அனுப்பவும் வாங்கவும் அனுமதி உண்டா? எல்லாவற்றுக்கும் மேல் உறவு அடுக்கு. வலையமைப்பு இந்தக் கருவியைப் பதிவுசெய்து வைத்திருக்கிறதா, இந்த நொடியில் அதற்கென ஓர் அலைவழியை ஒதுக்கியிருக்கிறதா என்பவை இதில் வரும்.

கைபேசியில் விமானப் பயன்முறையை இயக்கியவுடன் வானொலி அடங்கிவிடுகிறது. மோடத்தின் சில்லோ விழித்திருக்கிறது, சிம் அட்டையைப் படிக்கிறது, கட்டளைகளுக்கு விடையளிக்கிறது. இதற்கு நேர்மாறான காட்சியைக் கள உணரிகளில் காண்கிறோம். மோடம் கிட்டத்தட்ட முழுவதும் அணைந்துபோய், தொடர்வழியில் எழுதினால் ஓர் எழுத்துகூடத் திரும்பி வராத நிலையில் கிடக்கும். வலையமைப்பின் ஏட்டிலோ அது முறையாகப் பதிவுபெற்ற கருவி. முதற்கருவி விழித்திருந்தும் ஊரில் இல்லாதவர் போல. அடுத்தது தூங்கினாலும் ஊர்க்கணக்கில் பெயர் உள்ளவர் போல. ஒரே ஒரு ‘ஆன்/ஆஃப்’ மாறியால் இவ்விரண்டையும் எழுதிவைக்க முயலும் நிரல், முதல் வாரத்திலேயே ஏதாவது ஒன்றைத் தவறாக எழுதும்.

3. கட்டளை மொழிகள்

3.1 ‘சிஃபன்’

செல்லிடத் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி கூட்டமைப்பின் 27.007 என்னும் ஆவணம், மோடங்களுக்கான ஏ.டி. கட்டளைகளைத் தொகுத்துத் தருகிறது. பொறியாளர்கள் பேச்சில் ‘சிஃபன்’ ஆகிவிட்ட சி.எஃப்.யு.என். கட்டளை அதில்தான் இருக்கிறது. மதிப்பு 0 என்றால் மிகக் குறைந்த செயற்பாடு. 1 என்றால் முழுச் செயற்பாடு. 4 என்றால் அனுப்பலும் வாங்கலும் நிறுத்தம். 1-உடன் இன்னொரு 1-ஐச் சேர்த்தால் மோடம் தன்னையே மறுதொடக்கம் செய்துகொள்ளும்.

‘மிகக் குறைந்த’ என்பது எவ்வளவு குறைந்தது? ஆவணம் அதைத் தயாரிப்பாளரிடம் விட்டுவிடுகிறது. 0 கொடுத்தவுடன் சிம் அட்டைக்கான மின்சாரத்தையும் நிறுத்தும் மோடங்கள் உண்டு. அதே மோடத்தில் 4 கொடுத்தால் சிம் படிக்கக்கூடியதாகவே இருக்கும். பின் எண்ணால் பூட்டிய சிம் என்றால் இந்த வேறுபாடு பெரிது: 0-லிருந்து எழுந்தபின் பின் எண்ணை மீண்டும் கேட்கும். ஆளில்லாக் களத்தில் அதை யார் தட்டச்சு செய்வது?

3.2 இருமக் கட்டளைகள்

குவால்காமின் க்யூ.எம்.ஐ. நெறிமுறை ‘இயக்கப் பயன்முறை’ என்ற பெயரில் இன்னும் நீண்ட பட்டியலைத் தருகிறது: முழு இயக்கம், தாழ்மின், நிலைத்த தாழ்மின், ஆலைச் சோதனை, முழு விலகல், மறுதொடக்கம், அணைதல். இவற்றில் ‘நிலைத்த தாழ்மின்’ என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மோடம் மறுதொடக்கம் ஆனாலும் அந்த நிலை போகாது. சோதனைக்காக அதை ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்தவர், மறுநாள் ஆன்டெனாவையும் கேபிளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

யு.எஸ்.பி. அமைப்பு 2011-இல் வெளியிட்ட எம்.பி.ஐ.எம். நெறிமுறை அளவில் சிறியது. இந்த ஓர் இடத்தில் அறிவிலும் மிஞ்சியது. அதில் வானொலி நிலை எப்போதும் இரண்டாகவே திரும்பி வரும். ஒன்று வன்பொருள் ஆளியின் நிலை, மற்றது மென்பொருள் கேட்டுக்கொண்ட நிலை. இரண்டும் திறந்திருந்தால் மட்டுமே அலை வெளியேறும். ‘நான் கேட்டது இது, உண்மையில் இருப்பது இது’ என்று கேட்டதையும் இருப்பதையும் பிரித்துச் சொல்லும் இந்தப் பழக்கத்தை எல்லா இடைமுகங்களும் பின்பற்றியிருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

3.3 மோடம்மேனேஜரின் இரட்டை அச்சு

லினக்ஸில் இந்த மொழிகளையெல்லாம் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவருவது மோடம்மேனேஜர் என்னும் பின்னணி நிரல். அது மோடத்தை இரண்டு அச்சுகளில் விவரிக்கிறது. முதல் அச்சு செயல்நிலை: பூட்டப்பட்டது, முடக்கப்பட்டது, இயக்கப்பட்டது, தேடுகிறது, பதிவானது, இணைந்தது என்று படிப்படியாக ஏறும்; படிகளுக்கு இடையே ‘இயக்கப்படுகிறது’, ‘முடக்கப்படுகிறது’, ‘இணைகிறது’ போன்ற இடைநிலைகளுக்கும் தனிப் பெயர் உண்டு. இரண்டாம் அச்சு மின்நிலை: முழு, தாழ், அணைந்தது. தெரியவில்லை என்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம், மோடத்தை முடக்குவதும் தாழ்மின்னுக்குக் கொண்டுபோவதும் வேறு வேறு என்பது. முடக்கினால் மோடம்மேனேஜர் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தும். வானொலி அதனாலேயே அடங்கிவிடும் என்ற உறுதி இல்லை. தாழ்மின் வேண்டுமென்றால் முதலில் முடக்கிவிட்டு, பிறகு தனியாகக் கேட்கவேண்டும். முழுதாக அணைத்துவிட்டாலோ அந்த மோடம் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். அதைத் திரும்ப எழுப்பக் கட்டளை போதாது, கம்பி வழியாக வன்பொருள் அசைவு ஒன்று வேண்டும். திரும்பி வரும் வழி வேறொருவர் கையில் இருக்கும் நிலைக்குள் மென்பொருள் தானாக நுழையக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

‘தெரியவில்லை’ என்ற மதிப்பையும் இடைநிலைகளுக்கான பெயர்களையும் நான் உயர்வாக மதிக்கிறேன். வேலை முடியும்வரை முடிந்ததாகச் சொல்லாத இடைமுகம் அது.

நான்காவது ஆள் ஒருவர் தலையிடும் சூழலும் உண்டு. சில மடிக்கணினிகளில் வரும் மோடம் அட்டைகள், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் பெயரால் பூட்டப்பட்டு வருகின்றன. தயாரிப்பாளர் நிர்ணயித்த திறவுகோல் உரையாடல் நடக்கும்வரை, முழு இயக்கத்துக்குப் போ என்ற கட்டளையை மோடம் ஏற்காமல் தாழ்மின்னிலேயே நிற்கும். முன்பு மோடம்மேனேஜர் இந்தப் பூட்டைத் தானே திறந்தது. 1.18.4 பதிப்பு முதல் அந்தப் பொறுப்பைப் பயனர் விரும்பி இயக்கும் தனி நிரல்களுக்கு மாற்றிவிட்டது. கட்டளை சரி, விடை சரி, நிலை மட்டும் மாறவில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும்.

4. வால்

தரவு அனுப்பி முடிந்தவுடன் மோடம் ஓய்வெடுப்பதில்லை. வலையமைப்பு ஒதுக்கிய அலைவழி, அடுத்த பொட்டலம் வரலாம் என்ற எதிர்பார்ப்பில் சிறிது நேரம் திறந்தே இருக்கும். அதுவரை மோடமும் உயர்மின் நிலையில் காத்திருக்கவேண்டும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் இதற்கு ‘வால் ஆற்றல்’ என்று பெயரிட்டார்கள். அவர்கள் அளந்த 3ஜி வலையமைப்பில் வாலின் நீளம் சுமார் 12.5 விநாடி, ஒரு சிறு பரிமாற்றத்துக்கான ஆற்றலில் ஏறத்தாழ 60 விழுக்காடு அந்த வாலிலேயே கரைந்தது. 2012-இல் அமெரிக்க எல்.டி.இ. வலையமைப்பு ஒன்றை அளந்த இன்னோர் ஆய்விலும் வால் 11 விநாடிக்கு மேல் நீண்டது. தலைமுறை மாறியும் வால் சுருங்கவில்லை.

இதன் பொருள் எளியது. ஒரு கிலோபைட்டைப் பத்து முறை, நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினால் பத்து வால். பத்தையும் சேர்த்து ஒருமுறை அனுப்பினால் ஒரே வால். ஆண்ட்ராய்டு 5.0 கொண்டுவந்த வேலை அட்டவணை முறையும், 6.0 கொண்டுவந்த ‘டோஸ்’ முறையும் பின்னணி வேலைகளைக் கொத்தாகக் கட்டி அனுப்புவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

வாலின் நீளத்தை நிர்ணயிப்பது அடிநிலையம். முதன்மைச் சில்லிலிருந்து எந்தக் கட்டளையாலும் அதை நேரே குறைக்க முடியாது. குறுக்குவழி தேடுவோர், அனுப்பி முடிந்தவுடன் ‘சிஃபன்’ 4 கொடுத்து வாலை வெட்டிவிடுகிறார்கள். வால் வெட்டுப்படும், உண்மைதான். கூடவே பதிவும் போய்விடும். அடுத்தமுறை கோபுரத்தைத் தேடுவதும், மீண்டும் பதிவுபெறுவதும் வாலைவிட அதிகம் தின்னலாம். குறுகலைவரிசைக் கருவிகளுக்கு 3ஜிபிபியின் 13-ஆம் வெளியீடு நேர்வழி ஒன்றைத் திறந்துவைத்தது: ‘இதுதான் என் கடைசிப் பொட்டலம், இனி எதுவும் எதிர்பார்க்கவில்லை’ என்று கருவி தானே சொல்லலாம், வலையமைப்பு உடனே அலைவழியை விடுவிக்கலாம். வலையமைப்பும் மோடத்தின் ஃபர்ம்வேரும் இதை ஆதரித்தால், மென்பொருள் செய்யவேண்டியது கடைசிப் பொட்டலம் எது என்பதை நேர்மையாகச் சொல்வது மட்டுமே. சொன்னபின் இன்னொரு பொட்டலம் அனுப்பினால், விடுவித்த வழியை மீண்டும் பிடிக்கவேண்டிய செலவு கருவியின் தலையில்.

5. நீண்ட உறக்கம்: கேட்டதும் கிடைத்ததும்

5.1 இரு முறைகள்

இணைப்பு இல்லாத வேளையிலும் மோடம் அவ்வப்போது கண்விழித்து ‘எனக்கு அழைப்பு உண்டா’ என்று கேட்டுப் பார்க்கும். வழக்கமான எல்.டி.இ.யில் இந்த இடைவெளி 0.32 விநாடி முதல் 2.56 விநாடி வரை. 13-ஆம் வெளியீட்டில் வந்த நீட்டித்த இடைவெளி முறையான இ.டி.ஆர்.எக்ஸ்., இதை எல்.டி.இ.-எம் கருவிகளுக்கு ஏறத்தாழ 44 நிமிடம் வரையும், என்.பி.-ஐஓடி கருவிகளுக்கு 10,485.76 விநாடி வரையும், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் நீட்டுகிறது.

அதற்கு முந்தைய 12-ஆம் வெளியீட்டில் வந்த பி.எஸ்.எம். என்னும் மின்சேமிப்பு முறை இன்னும் ஆழமானது. இதில் மோடம் இடையில் எழுந்து பார்ப்பதே இல்லை. டி3324 என்னும் டைமர் ஓடும்வரை அழைப்புக்குக் காத்திருக்கும், பிறகு அடங்கிவிடும், டி3412 முடியும்போதோ தானாக ஏதேனும் அனுப்ப வேண்டியிருக்கும்போதோதான் எழும். நீட்டித்த டி3412-இன் உச்ச அளவு 31 முறை 320 மணி, கிட்டத்தட்ட 413 நாள். இந்த உறக்கம் முழுவதும் பதிவு அழியாது என்பதே இதன் சிறப்பு.

5.2 எட்டு இருமங்களின் பொறி

இந்த டைமர்களின் அளவை ஏ.டி. கட்டளையில் எட்டு இருமங்களாக எழுதவேண்டும். முதல் மூன்று இருமங்கள் அலகு. அடுத்த ஐந்து எத்தனை அலகு என்ற எண்ணிக்கை. இதுவரை தெளிவு. ஆனால் இரண்டு டைமர்களுக்கும் அலகு அட்டவணை வேறு. டி3324-இல் 000 என்றால் 2 விநாடி, 001 என்றால் 1 நிமிடம், 010 என்றால் 6 நிமிடம். நீட்டித்த டி3412-இலோ 000 என்றால் 10 நிமிடம், 001 என்றால் 1 மணி, 010 என்றால் 10 மணி, 011 என்றால் 2 விநாடி, 100 என்றால் 30 விநாடி, 101 என்றால் 1 நிமிடம், 110 என்றால் 320 மணி.

ஆக 00100001 என்ற ஒரே எழுத்துக்கோவை ஒரு டைமரில் ஒரு நிமிடத்தையும் மற்றதில் ஒரு மணி நேரத்தையும் குறிக்கிறது. ஒரே மாற்றுச் சார்பை இரண்டுக்கும் பயன்படுத்தும் நிரல் பிழையின்றி ஓடும். மோடம் ‘ஓகே’ என்று விடை தரும். மின்கலம் மட்டும் சொன்ன காலத்துக்கு முன்பே தீரும். அலகின் வரிசையும் ஏறுமுகமாக இல்லை என்பதால், ‘பெரிய எண் என்றால் நீண்ட உறக்கம்’ என்று எண்ணுவோரும் ஏமாறுவர். இரண்டு டைமர்களுக்கும் தனித்தனிச் சார்பு எழுதி, அறியப்பட்ட மதிப்புகளோடு சோதித்துப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம்பிடிக்கவே கூடாது.

5.3 விண்ணப்பமும் வரமும்

பி.எஸ்.எம்.மைக் கேட்கும் சி.பி.எஸ்.எம்.எஸ். கட்டளையில் நாம் எழுதுவது விண்ணப்பம். வலையமைப்பு தரும் அளவு வேறாக இருக்கலாம். அது தன் ஏற்புச் செய்தியில் டி3324-ஐச் சேர்க்காமல் விட்டால் பி.எஸ்.எம். மறுக்கப்பட்டது என்று பொருள். மோடம் வழக்கம்போல விழித்து விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். கட்டளைக்கு வந்த ‘ஓகே’ மோடத்தின் விடையே தவிர வலையமைப்பின் விடையன்று. கிடைத்த அளவைத் தெரிந்துகொள்ள, பதிவு நிலையைச் சொல்லும் சி.இ.ஆர்.இ.ஜி. கட்டளையை 4 என்ற மதிப்போடு இயக்கினால், டைமர்களின் உண்மை மதிப்பும் சேர்ந்து வரும், இ.டி.ஆர்.எக்ஸ். அளவுக்கு சி.இ.டி.ஆர்.எக்ஸ்.ஆர்.டி.பி. என்ற தனிக் கட்டளை உண்டு. கருவி வேறொரு கோபுரப் பகுதிக்கோ வேறொரு நிறுவனத்தின் வலையமைப்புக்கோ மாறும்போது வரமும் மாறலாம். எனவே தொடக்கத்தில் ஒருமுறை படித்து வைத்தால் போதாது. பதிவு புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் படிக்கவேண்டும்.

5.4 தூங்குபவரை இறந்தவர் என்று எண்ணும் காவலர்

கள உணரிகளில் ஒரு காவல் நிரல் இருக்கும். அது நிமிடத்துக்கு ஒருமுறை மோடத்துக்கு ‘ஏ.டி.’ என்று எழுதி, விடை வராவிட்டால் மோடம் சிக்கிக்கொண்டது என்று முடிவுகட்டி மறுதொடக்கம் செய்யும். பி.எஸ்.எம். உறக்கத்தில் தொடர்வழியே மூடிக்கிடப்பதால் விடை வராது. காவலர் மோடத்தை உலுக்கி எழுப்புவார். மோடம் பழைய பதிவை இழந்து, கோபுரம் தேடி, மீண்டும் பதிவாகி, மீண்டும் உறங்கப் போகும். ஒரு நிமிடத்தில் காவலர் மறுபடி வருவார். நலம் விசாரிக்கும் நிரல் கருவியைக் கொல்கிறது.

மோடம் உறங்கவேண்டிய காலத்தை மென்பொருள் முன்பே கணித்து வைத்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் மௌனமே நலத்தின் அறிகுறி. ஐயம் வந்தால் கேட்கவேண்டியது தொடர்வழியிடம் அன்று. உள் மின்னழுத்தத்தைக் காட்டும் கம்பி உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்பதைப் பார்க்கலாம். கம்பி, மோடத்தின் உறக்கத்தைக் கலைக்காமல் உண்மையைச் சொல்லும்.

6. யாரை யார் எழுப்புவது

பைன்ஃபோன் சட்டைப்பையில் உறங்குகிறது. ஏ64 சில்லு இடைநிறுத்தத்தில். மோடம் மட்டும் அரை விழிப்பில் கோபுரத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஓர் அழைப்பு வருகிறது. மோடம் தன் ‘ரிங்’ கம்பியை அசைக்கிறது; அந்த அசைவு ஏ64-ஐ எழுப்புகிறது; கெர்னல் எழுகிறது; யு.எஸ்.பி. எழுகிறது. இதுவரை சில விநாடிகளுக்குள் முடியக்கூடியது.

சிக்கல் இதற்குப் பிறகு வந்தது. இடைநிறுத்தத்தின்போது யு.எஸ்.பி. இணைப்பு அறுந்து மீண்டும் புதிதாகத் தோன்றினால், மோடம்மேனேஜரின் கண்ணில் பழைய மோடம் போய்விட்டது, புது மோடம் வந்திருக்கிறது. அது முதலிலிருந்து விசாரணையைத் தொடங்கும்: நீ யார், எந்த மொழி பேசுவாய், சிம் இருக்கிறதா, பதிவு ஆகியிருக்கிறதா? இந்த விசாரணை முடிவதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார். கைபேசி என்ற சொல்லுக்கே பொருளாக இருக்கும் வேலை இது. எனவே இதைச் சிறு குறை என்று ஒதுக்க முடியவில்லை.

தீர்வு இரண்டு பக்கமும் வந்தது. மோடம்மேனேஜரில், எழுந்தவுடன் எல்லாவற்றையும் தூக்கி எறியாமல், பழைய மோடத்தின் விவரத்தை வைத்துக்கொண்டு, மாறக்கூடியவற்றை மட்டும் கேட்டுச் சரிபார்க்கும் விரைவு முறை சேர்ந்தது. பைன்ஃபோனில், இ.ஜி.25-மேனேஜர் என்ற தனி நிரல் மோடத்தின் கம்பிகளையும் உறக்கத்தையும் கவனிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. எழுந்தபின் மோடம் திரும்பி வராவிட்டால் யு.எஸ்.பி. இணைப்பைப் புதுப்பித்துப் பார்ப்பதும் அதன் வேலை. ஆர்வலர்கள் மோடத்துக்குள் ஓடும் லினக்ஸின் பயனர் நிரல்களையே புதிதாக எழுதினார்கள். உடன்பாட்டின் இரண்டாம் தரப்பு நம் கைக்கு வரும் அபூர்வ வாய்ப்பு அது.

எழுப்பாமல் இருப்பதும் ஒரு கலை. மோடம் தானாகச் சொல்லும் செய்திகளில் சிக்னல் அளவு மாற்றம் மிக வாயாடி. பேருந்தில் போகும் கைபேசியில் அது ஓயாமல் வரும். ஒவ்வொன்றுக்கும் முதன்மைச் சில்லு எழுந்தால் உறக்கம் என்பதே இல்லை. ஆண்ட்ராய்டு, திரை அணைந்தவுடன் மோடத்திடம் கருவியின் நிலையைச் சொல்லி, இத்தகைய அறிவிப்புகளை வடிகட்டச் சொல்கிறது. திரை அணைந்திருக்கும்போது கோபுரக் குறியில் எத்தனை கோடு என்று யாரும் பார்ப்பதில்லை. அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் எழுப்பினால் போதும். லினக்ஸ் கைபேசிகளில் இந்த வடிகட்டலை யார் செய்வது என்பது தெளிவாக எழுதப்படாத இடங்களில், மின்கலம் காரணமில்லாமல் தீர்வதாகப் புகார் வரும்.

க்வெக்டெல் மோடங்களில் உறக்கத்துக்கு இரு சாவிகள் உண்டு. க்யூ.எஸ்.சி.எல்.கே. கட்டளை உறங்க அனுமதி தருகிறது, டி.டி.ஆர். கம்பி உயர்ந்தால் மட்டுமே அந்த அனுமதி பலிக்கும். யு.எஸ்.பி. பக்கத்தில் லினக்ஸ் கெர்னலுக்குத் தன் கணக்கு உண்டு: தானியங்கி இடைநிறுத்தம் இயக்கப்பட்டிருந்தால், இயல்பாக 2 விநாடி பேச்சில்லாமல் இருந்ததும் இணைப்பை உறங்கவைக்கும். அந்த இணைப்பு விழித்தே இருந்தால் மோடமும் உறங்காது. ஒரு நிரல் சிக்னல் அளவை ஒவ்வொரு விநாடியும் கேட்டுக்கொண்டிருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இந்தச் சங்கிலி முழுவதும் விழித்திருக்கும். இதனால்தான் மோடத்துக்கு ஆட்சியாளர் ஒருவர் மட்டுமே இருக்கவேண்டும் என்கிறேன். மோடம்மேனேஜர் ஒரு பக்கம் பேச, யாரோ எழுதிய சிறு நிரல் மறுபக்கம் அதே மோடத்தின் இன்னொரு வழியில் ‘சிஃபன்’ கொடுத்தால், இரண்டு மதிப்பீடுகளும் பொய்யாகிவிடும்.

7. கம்பியும் மின்னழுத்தமும்

இ.ஜி.25-ஜி போன்ற தொகுதிகளில் மின்பொத்தான் கம்பி ஒன்றுதான். அணைந்திருக்கும்போது அதை அரை விநாடி தாழ்த்தினால் மோடம் எழும். விழித்திருக்கும்போது 650 மில்லிவிநாடி தாழ்த்தினால் மோடம் அணையும். ஒரே அசைவுக்கு எதிரெதிர் விளைவு. மென்பொருளின் மதிப்பீடு தவறாக இருந்தால், எழுப்ப நினைத்தவர் அணைத்துவிடுவார். எழுந்துகொண்டிருக்கும் மோடம் யு.எஸ்.பி.யில் தோன்றவே பத்து விநாடிக்கு மேல் ஆகலாம்; பொறுமையிழந்த நிரல் அதற்குள் இன்னொரு முறை கம்பியை அசைத்தால் வட்டம் முடியாது. நிலைகாட்டும் கம்பியைப் படிக்காமல் மின்பொத்தான் கம்பியைத் தொடக்கூடாது.

அணைப்பதற்கும் நேரம் வேண்டும். மோடம் வலையமைப்பிடம் விடைபெற்று, தன் கோப்புகளை மூடி, அடங்கி முடிக்க ஏறத்தாழ 30 விநாடி வரை ஆகலாம். அதற்குள் மின்சாரத்தை வெட்டினால் ஃபிளாஷ் நினைவகம் சிதையும் ஆபத்து உண்டு. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தன் உறக்கத் தடைகளுக்கு இயல்பாகத் தரும் காலம் 5 விநாடி மட்டுமே. மோடத்தை அணைக்கும் வேலையை அந்த 5 விநாடிக்குள் அடைக்க முயன்றால் அது அரைகுறையாக நிற்கும். சேவையை நிறுத்தும் கட்டத்தில் வைத்தால் இயல்பாகவே 90 விநாடி கிடைக்கிறது. க்யூ.பி.ஓ.டபிள்யூ.டி. கட்டளை கொடுத்து, அணைந்ததாக மோடம் தானே அறிவிக்கும்வரை காத்திருந்து, அதன்பின் மின்சாரத்தை விடுவிப்பதே முறை.

மென்பொருள் பிழை போலத் தோன்றும் ஒரு மின்பிழையையும் இங்கே சொல்லவேண்டும். 2ஜி மோடம் தொடர்ந்து அனுப்புவதில்லை, 4.615 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 577 மைக்ரோவிநாடி மட்டும் வெடித்து அனுப்பும். அந்தத் துடிப்பில் மின்னோட்டம் 2 ஆம்பியர் வரை தாவலாம். மெல்லிய கம்பியும் சிறிய மின்தேக்கியும் இருந்தால் மின்னழுத்தம் அந்த நொடியில் சரிந்து மோடம் தானாக மறுதொடக்கம் ஆகும். கோபுரம் தொலைவில் இருக்கும்போதுதான் முழு வலுவோடு அனுப்பும் என்பதால், மேசையில் ஓடிய கருவி களத்தில் விழும். நிரலில் என்ன திருத்தினாலும் இது தீராது. மோடத்தின் எதிர்பாராத ஒவ்வொரு தொடக்கத்தையும் அப்போதைய மின்னழுத்தத்தோடு சேர்த்துப் பதிவுசெய்திருந்தால் காரணம் முதல் நாளே தெரிந்துவிடும்.

8. மீள்முயற்சியின் விலை

எல்.டி.இ. மோடத்தின் இணைப்பு முயற்சி தோற்றால், அது டி3411 என்னும் டைமரின்படி 10 விநாடி கழித்து மீண்டும் முயலும். ஐந்து முறை தோற்றபின் டி3402 தொடங்கும். அதன் இயல்பு அளவு 12 நிமிடம். நெரிசலில் இருக்கும் வலையமைப்பைக் காக்கவும், கருவியின் மின்கலத்தைக் காக்கவும் வைத்த ஓய்வு அது. அந்த 12 நிமிடத்தில் காவல் நிரல் பொறுமையிழந்து ‘சிஃபன்’ 4, பிறகு 1 என்று கொடுத்தால் மோடத்தின் தோல்விக் கணக்கு அழிந்து, ஐந்து முயற்சிகளும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஓய்வே இல்லாத கருவியாக அது மாறிவிடும். இப்படி ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் முட்டுவதைத் தடுக்க, கைபேசி வலையமைப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. தன் டி.எஸ்.34 வழிகாட்டியில் பின்வாங்கல் விதிகளை வகுத்திருக்கிறது. பிடிவாதமான மென்பொருளிடமிருந்து வலையமைப்பைக் காக்க மோடத்துக்குள்ளேயே ஒரு வானொலிக் கொள்கை மேலாளர் இருக்கவேண்டும் என்றும் அதில் சொல்கிறது.

விலையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். நாளுக்கு ஒருமுறை அளவை அனுப்பும் உணரி, 19 ஆம்பியர்-மணி மின்கலம் என்று கொள்வோம். பதிவு நிலையில் விழித்து விழித்துக் காத்திருக்கச் சராசரி 2 மில்லிஆம்பியர் ஆனால் நாளுக்கு 48 மில்லிஆம்பியர்-மணி. மின்கலம் 13 மாதத்தில் தீரும். பி.எஸ்.எம்.மில் 10 மைக்ரோஆம்பியர் என்றால் நாள் முழுவதற்கும் 0.24, அனுப்பும் 20 விநாடிக்கு 100 மில்லிஆம்பியர் என்றால் 0.56, மொத்தம் 0.8. இந்தக் கணக்கில் மின்கலத்தின் ஆயுளை நிர்ணயிப்பது மோடம் அன்று, மின்கலத்தின் சொந்தக் கசிவே. இப்போது கோபுரம் பழுதான ஒரு நாளில் காவல் நிரல் பத்து நிமிடம் விடாமல் முயல்கிறது: 100 மில்லிஆம்பியர், பத்து நிமிடம், 16.7 மில்லிஆம்பியர்-மணி. மூன்று வாரத்துக்கான உணவை அந்தப் பத்து நிமிடம் உண்டுவிட்டது.

ஆகவே ஒரு நாளைக்கு வானொலிக்கு எத்தனை விநாடி என்ற வரவுசெலவை மென்பொருள் வைத்திருக்கவேண்டும். அது தீர்ந்தால் அன்றைய அளவை நினைவகத்தில் சேமித்துவிட்டு மறுநாள் இரண்டையும் சேர்த்து அனுப்பலாம். தோல்விக் கணக்கும் செலவான விநாடிகளும் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படவேண்டும். சாதாரண நினைவகத்தில் இருந்தால், மின்னழுத்தம் சரிந்து கருவி மறுதொடக்கம் ஆகும் ஒவ்வொரு முறையும் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பி, மின்கலம் மிகவும் தளர்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே மோடம் முழு வலுவோடு கோபுரத்தைத் தேடத் தொடங்கும்.